நாளைய வினாவுக்கு இன்றைய சான்று

மனிதன் சேர்த்து வைக்கும் பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். இன்ன தேவைக்கு உதவும் என்று தெரிந்து வைப்பன ஒருவகை. குதிரில் இட்ட நெல்லும், பேழையில் வைத்த பொன்னும், எழுதி வாங்கிய பத்திரமும் இவ்வகையின. எதற்கு உதவும் என்று தெரியாமலே, அழிய விடுதல் தகாது என்ற எண்ணம் ஒன்றினாலேயே வைப்பன மற்றொரு வகை. முன்னதை உலகம் முன்யோசனை என்று பாராட்டும். பின்னதைப் பல வேளைகளில் பித்து என்று நகைக்கும். அந்தப் பித்துக்குள்ளே ஓர் அறம் உளதா? உளதெனில் அதன் எல்லை யாது? இவ்வினாக்களைச் சற்று ஆராய்வதே நம் நோக்கம்.

இதனை ஆராய்வதற்கு, நாம் வந்து குடியேறி வாழும் கொல்கத்தாவினும் ஏற்ற நகரம் இந்தியாவில் இல்லை எனலாம். 1814-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய அருங்காட்சியகம் இங்கே உளது. 1851-இல் நிலவியல் அளவைத் துறையும், 1890-இல் தாவரவியல் அளவைத் துறையும், 1916-இல் விலங்கியல் அளவைத் துறையும் இந்நகரிலேயே தொடங்கப் பெற்றன. கல்லும், இலையும், எலும்பும், சாராயக் குப்பிக்குள் ஊறும் மீனுமாக இந்நாட்டின் இயற்கை இங்கே இலட்சக்கணக்கான கூறுகளாகச் சேமிக்கப் பெற்றிருக்கிறது.

ஹௌராவை அடுத்த ஷிப்பூரில், 1787-இல் நிறுவப் பெற்ற தாவரவியல் பூங்காவுக்கு நம்முள் பெரும்பாலோர் சென்றிருப்போம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் சென்று பெரிய ஆலமரத்தைக் காட்டுவோம். விழுதுகளின் நடுவே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுப்போம். அதே பூங்காவின் எல்லைக்குள் நிற்கும் மத்திய தேசிய உலர்தாவரக் காப்பகத்தின் வாயிலை நோக்கி நம் கால்கள் திரும்புவதில்லை. அங்கே ஏறத்தாழ 20 இலட்சம் செடிகள், உலர்த்தித் தாளில் ஒட்டப் பெற்று, அடுக்கடுக்காக உறங்குகின்றன. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிப் பின் 1793-இல் இப்பூங்காவின் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க் காலத்திலிருந்து வளர்ந்து வந்த மரபு இது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சிறு சீட்டு. அதிற் செடியின் பெயர், பறித்த இடம், பறித்த நாள், பறித்தவர் பெயர்.

காய்ந்த இலையை யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இலையும் முட்டையும் சொன்ன செய்தி

கேட்டார்கள். 1987-இல் உட்வர்டு என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர் கேம்பிரிட்ஜ் காப்பகத்தின் பழைய இலைகளை எடுத்து, அவற்றின் மேலுள்ள நுண்துளைகளை எண்ணினார். இலை மூச்சுவிடும் வாயில்கள் அவை. இருநூறு ஆண்டுகளில் அவற்றின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பதைக் கண்டார். காற்றில் கரியமில வாயு மிகுந்தால், இலைக்கு அத்தனை வாயில்கள் தேவைப்படுவதில்லை. ஆலைகளின் புகை பெருகத் தொடங்கிய காலத்தின் வரலாற்றை, எழுத்தறியாத இலைகள் தம் தோலில் எழுதி வைத்திருந்தன. அவ்விலைகளைப் பறித்தவர்களோ செடிகளின் பெயரையும் இனத்தையும் அறியவே பறித்தனர்; காற்றைப் பற்றிய எண்ணமே அவர்களுக்கு இல்லை.

பறவை முட்டைகளின் கதை இதனினும் வியப்பானது. கூடுகளிலிருந்து முட்டைகளைத் திருடிச் சேர்ப்பது இங்கிலாந்தில் செல்வர்தம் பொழுதுபோக்காக இருந்தது. நல்லோர் கண்டிக்கத்தக்க பழக்கமே அது. ஆயினும் 1967-இல் டெரிக் ராட்கிளிஃப் என்பவர் அத்தகைய சேகரிப்புகளில் இருந்த வல்லூற்று முட்டைகளின் ஓட்டை அளந்து, 1940-களின் பிற்பகுதியிலிருந்து அவ்வோடு மெலிந்து வந்திருப்பதைக் காட்டினார். டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து வழக்குக்கு வந்த காலம் அது. பழைய முட்டைகள் இல்லாதிருந்தால், புதிய முட்டை மெலிந்தது என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? குற்றத்தின் விளைவாகச் சேர்ந்த பொருளும் பிறிதொரு குற்றத்துக்குச் சான்றாக நின்றது.

இவை தற்செயலாக நேர்ந்தவை. தெரிந்தே வைத்தவர்களும் உளர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் என்னுமிடத்தில் 1843-இல் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் உரச் சோதனைகளைத் தொடங்கினர். விளைந்த தானியம், வைக்கோல், புல், மண் ஆகியவற்றில் ஒரு பகுதியைப் புட்டியிலிட்டு மூடி வைக்கும் பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இன்று அங்கிருப்பவை மூன்று இலட்சம் மாதிரிகளுக்கு மேல். விக்டோரியா அரசி காலத்தில் தொடங்கிய அவ்வரிசையின் உலர்ந்த புல்லில், 1950-களின் அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த புளூட்டோனியத்தின் தடத்தைப் பின்னாளில் அறிஞர் அளந்தனர். தொடங்கியவர்களுக்கு அப்பெயர்கூடத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் கிரிம் முனையில் 1978 முதல் காற்றையே உருளைகளில் அடைத்து வைத்து வருகின்றனர். அன்று அளக்கப்படாத வாயுக்களைப் பின்வந்தோர் அவ்வுருளைகளைத் திறந்து அளந்தனர்.

தமிழர்க்கு இக்கதை புதிதன்று. பொருள் முழுதும் விளங்காத நிலையிலும், சங்க நூல்களைப் பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதியவர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். அவர்கள் எழுதி வைத்ததனால்தான் உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட முடிந்தது. மறுபுறம், ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் என்ன இருந்தது என்று கேட்கவும் நமக்கு வழியில்லை. அழிந்துபோன சான்றின் கொடுமை இதுவே: இழந்தது இன்னதென்று அறிந்து வருந்தும் உரிமையையும் அது பறித்துக்கொள்கிறது.

வங்கத்து நீர்

இனி நம் காலடி மண்ணுக்கு வருவோம். 1983-இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்த சிற்றூர் மக்களின் தோலிற் கண்ட கரும்புள்ளிகளும் தடிப்புகளும் ஆர்சனிக் நஞ்சின் விளைவென்று கண்டறிந்தார். அந்நஞ்சு வந்தது குழாய்க் கிணற்று நீரிலிருந்து. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படிவித்த வண்டலில், இரும்போடு ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக், காற்றுப் படாத ஆழத்தில் இரும்பை விட்டு நீங்கி நீரிற் கரைகிறது. குளத்து நீரைப் பருகி வயிற்றுப்போக்கால் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, நல்லெண்ணத்துடன் தோண்டப் பெற்றவை அக்கிணறுகள். நீரோ தெளிந்திருந்தது, நாற்றமில்லை, நிறமில்லை, சுவை வேறுபாடும் இல்லை.

யாதவபூர்ப் பல்கலைக்கழகத்துச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியில் திபங்கர் சக்கரவர்த்தியும் அவர்தம் மாணவரும் 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீரெடுத்தனர். இருபது ஆண்டுகளில் அவர்கள் ஆய்ந்த நீர் மாதிரிகள் 1,40,150. அவற்றுள் 48.1 விழுக்காட்டில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. பல்லாயிரவர் தலைமயிரும், நகமும், சிறுநீரும் ஆய்வுக்கு வந்தன. 2018-இல் மறையும் வரை சக்கரவர்த்தி இப்பணியை விடவில்லை.

இதனோடு எல்லைக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1992-இல் பிரித்தானிய நிலவியல் அளவை நிறுவனம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் குழாய்க் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை தந்தது. பல தனிமங்களைத் தேடிய அச்சோதனை ஆர்சனிக்கைத் தேடவில்லை. நோயுற்ற சிற்றூர்வாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். அத்தனை மக்களுக்கும் பொறுப்பேற்கும் கடமை அந்நிறுவனத்துக்கு இல்லை என்று 2006-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளிற்று. சட்டத்தின் கடமை ஒப்பந்தத்தோடும் அண்மையோடும் நின்றுவிடலாம். அறத்தின் கடமையும் அவ்வளவில் நின்றுவிடுமா?

எவ்வளவு கற்றவராயினும், தமக்குத் தோன்றிய வினாவுக்கே விடை தேடுவர். தோன்றாத வினா என்று ஒன்று எக்காலத்தும் இருக்கும். அதற்காக அறிஞரைப் பழித்தல் முறையன்று. ஆனால், ‘நான் கேட்க மறந்ததைப் பின்வருவோன் கேட்கட்டும்’ என்று ஒரு பகுதியை எடுத்து வைத்தல் அவர் கையில் உளது. மாதிரியைக் காப்பது அறிவின் பெருமிதத்தால் அன்று, அறியாமையை ஒப்புக்கொள்ளும் அடக்கத்தாலேயே நிகழ்கிறது. அந்த அடக்கமே இச்செயலின் முதல் அறம்.

காப்பதிலும் பிழை உண்டு

எடுத்து வைத்தால் போதுமா? போதாது. கிணற்று நீரைப் புட்டியில் அடைத்து அப்படியே வைத்தால், கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுச் செந்நிற மண்டியாக அடியிற் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் உடன் இழுத்துக்கொண்டு போகும். ஆண்டு பல கழித்து மேல்நீரை எடுத்துச் சோதிப்பவர், நஞ்சே இல்லை என்று நம்பிவிடக்கூடும். ஆகவே எடுத்தவுடன் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பர். மயிரும் நகமும் இவ்வகையில் நம்பத்தக்கவை. அவற்றிலுள்ள கந்தகத்தோடு ஆர்சனிக் பிணைந்துகொள்ளும். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஒரு சாண் கூந்தலில் ஓராண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கும்.

உலர்தாவரக் காப்பகங்களிலும் ஒரு பாடம் உண்டு. பூச்சி அரிக்காதிருக்கச் செடிகளை மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச உப்பின் கரைசலில் தோய்த்தெடுப்பது இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய முறை. செடி பிழைத்தது, பெயரறிய வந்தவர்க்கு அது போதும். ஆனால், ‘அக்காலத்துக் காற்றிலும் மண்ணிலும் பாதரசம் எவ்வளவு?’ என்று இன்று ஒருவர் கேட்டால், அவ்விலை பேசாது; காத்தவர் கையே அதன் வாயை அடைத்துவிட்டது. அவர்மேல் குற்றமில்லை. எனினும், காக்கும் முறையிலும் காலத்தின் குறுகிய நோக்கு கலந்துவிடும் என்பதை இது உணர்த்துகிறது. செய்தது இன்னதென்று சீட்டில் எழுதி வைத்தால், பின்வருவோர் ஏமாறாதிருப்பர்.

காப்பது ஒருநாட் செயலும் அன்று. போர் அச்சத்தால் 1942-இல் விலங்கியல் அளவைத் துறையின் சேகரிப்புகள் கொல்கத்தாவிலிருந்து காசிக்குக் கொண்டு செல்லப் பெற்றன. குண்டுக்கு அஞ்சிச் சென்ற இடத்தில், 1943-இல் வருணை ஆற்றின் வெள்ளம் புகுந்து பலவற்றைக் கெடுத்தது. குப்பியில் சாராயம் வற்றினால் ஊற்ற வேண்டும். சீட்டின் மை மங்கினால் பெயர்த்தெழுத வேண்டும். சீட்டை இழந்த மாதிரி, ஊரும் பேரும் சொல்லத் தெரியாத சாட்சி போன்றது. பட்டமும் புகழும் தராத இவ்வேலையைச் செய்யும் ஊழியர் இந்நகரில் எத்தனையோ பேர். அவர்தம் உழைப்பின் பயனைத் துய்ப்போர் இன்னும் பிறக்கவில்லை.

தாகத்தோடு நிற்பவர் முன் புட்டியா?

இங்கே ஒரு வலிய மறுப்பு எழும். அதை மழுப்பாமல் எதிர்கொள்ளல் வேண்டும். ‘நஞ்சு கலந்த நீரை ஒரு தாய் இன்றும் பருகுகிறாள். அவள் கிணற்று நீரில் ஒரு புட்டியை எடுத்துச் சென்று நூறாண்டுக்குப் பின் பிறப்பவனுக்காகக் குளிரறையில் வைப்பது என்ன நீதி? அந்தப் பணத்தில் அவளுக்கு நல்ல நீர் தரலாகாதா?’ என்பர். நியாயமான வினா. பிறவாதவர்பால் காட்டும் அன்பு எளிது; அவர்கள் வாயில் வந்து நின்று கேட்பதில்லை. கண்முன் நிற்பவரிடம் காட்டும் அன்பே கடினமானது.

நம் விடை இது. ஆய்ந்தறிந்ததை உடையவரிடம் சொல்லாமல், மாதிரியை மட்டும் காப்பது அறமாகாது. எந்தக் கிணற்றில் நீரெடுத்தோமோ அந்த வீட்டாருக்கு முடிவைச் சொல்லி, ‘இதைப் பருகற்க’ என்று எச்சரித்து, மாற்று நீருக்கு வழி கோலிய பின்னரே எஞ்சிய நீரைப் புட்டியிலிடும் உரிமை பிறக்கிறது. ‘இன்னும் ஆராய வேண்டும்’ என்ற சொல், செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும் சாக்காக ஆட்சியாளர்க்கும் ஆலை முதலாளிகட்கும் பலமுறை பயன்பட்டுள்ளது. தெரிந்ததற்குச் செயல், தெரியாததற்குச் சேமிப்பு. முன்னதைச் செய்யாதவன் பின்னதைச் செய்தேன் என்று பெருமை கொள்வது போலியே.

ஆனால், இவ்விரண்டும் ஒன்றையொன்று விழுங்கும் பகைகள் அல்ல. தாய்க்கு இன்று நல்ல நீரென்று காட்டப்படும் கிணற்றிலும், நாம் தேடத் தெரியாத வேறொரு நஞ்சு இருக்கலாம். அன்று ஆர்சனிக்கைத் தேடாதது போலவே இன்றும் எதையோ தேடாதிருக்கிறோம். நாளை அவள் மகளுக்கு நோய் வந்தால், ‘எப்போது தொடங்கிற்று? எதனால்?’ என்ற வினாவுக்கு அந்தப் புட்டியே விடை சொல்லும். வருந்தும் எளியவர் வழக்காட நேரும்போது அவர் பக்கம் நிற்கும் சாட்சி பெரும்பாலும் இராது. எதிர்த்தரப்பிலோ ஏடுகளும் வழக்கறிஞர்களும் உண்டு. மாதிரியைக் காப்பது அந்த எளியவர்க்காக ஒரு சாட்சியைக் காப்பதே ஆகும்.

சான்று யாருடையது?

மற்றொன்றும் உளது. 1828-இல் நத்தானியல் வாலிக் இந்நகரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் உலர்தாவரத் தொகுப்பை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அது ஐரோப்பியக் காப்பகங்கள் பலவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப் பெற்றது. விளைவாக, வங்கத்துச் செடியின் மூலமாதிரியைக் காண வங்கத்து மாணவர் கடல் கடந்து எழுதிக் கேட்க நேர்ந்தது. எடுத்த இடத்து மக்களுக்கு எட்டாத சான்று, அரைச் சான்றே. 2022-இல் தாவரவியல் அளவைத் துறை தன் மாதிரிகளின் படங்களை யாவரும் காணுமாறு இணையத்தில் வைத்தது நன்முயற்சி.

மனித உடலிலிருந்து எடுக்கும் மாதிரிக்கு இக்கருத்து இன்னும் பொருந்தும். ஜெர்மனியில் 1985 முதல் முறையாக இயங்கும் மாதிரிக் காப்பகத்தில், தாமே முன்வந்த மாணவர்தம் குருதியும் சிறுநீரும் திரவ நைட்ரஜனின் குளிரில் வைக்கப் பெறுகின்றன. எதற்கென்று சொல்லி, இசைவு பெற்று எடுப்பதே முறை. இருபத்துநான்கு பர்கானாவின் உழவன் தந்த ஒரு கற்றை மயிருக்கும் அதே மதிப்பு உண்டு. தந்தவன் ஏழையாதலால் அவன் இசைவும் மலிவாகிவிடாது.

நம்மீது நாமே வைக்கும் சாட்சி

இறுதியாக, இச்செயலின் ஆழ்ந்த பொருளைக் காண்போம். இன்றைய மண்ணையும், நீரையும், காற்றையும் மூடி முத்திரையிட்டு வைக்கும் தலைமுறை, தன் குற்றத்துக்கான சான்றையும் தானே வைத்துச் செல்கிறது. நாம் ஆற்றில் விட்டது என்ன, வயலில் தெளித்தது என்ன, காற்றில் கலந்தது என்ன என்பதனைத்தும் அப்புட்டிகளில் உண்டு. குற்றம் செய்தவன் தடயத்தை அழிப்பதே உலக இயல்பு. அழிக்கும் வாய்ப்பிருந்தும் அழிக்காமல், ‘எங்களைப் பற்றி உண்மையை அறிந்துகொள்ளுங்கள்’ என்று பேரர் கையில் திறவுகோலைக் கொடுப்பது சிறிய செயலன்று. முன்னோர் நமக்குப் பொன்னையும் புகழையும் விட்டுச் செல்ல விரும்பினர். தம்மைப் பற்றிய உண்மையை விட்டுச் செல்லல் அதனினும் அரிய கொடை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனி அறிவு உண்டு. ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று பெட்டிமுன் அமர்ந்து தயங்காத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. பாட்டனாரின் படம் கிடைக்கும். பின்புறம் ஊரும் ஆண்டும் எழுதியிராததால், அருகே நிற்பவர் யாரென்று சொல்ல ஆளிராது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியின் அருமையை அறிந்த நாம், ஓர் அறிவியல் மாணவர் புட்டியின்மேல் நாளையும் இடத்தையும் பொறுமையாக எழுதுவதைக் கண்டால், வீண்வேலை என்று எண்ண மாட்டோம்.

நம் பிள்ளைகள் பலர் அறிவியல் பயில்கின்றனர். அவர்களுள் சிலரேனும் இத்தகைய பணிக்கு வரட்டும். வராதோரும், ஷிப்பூருக்குச் செல்லும் நாளில் ஆலமரத்தைக் கண்டு திரும்பும் முன், 20 இலட்சம் தாள்கள் அங்கே யாருக்காகக் காத்திருக்கின்றன என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். வரப்போகும் கேள்வியை நாம் அறியோம். அதைக் கேட்கப் போகும் குழந்தைக்கு, விடையைத் தேடும் வழியையேனும் அடைக்காமல் செல்வது நம் கடன்.